இலவசக் கண்கள்

கங்கம்மாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சனா அலாய்ஸ் கம்பெனியின் கேட்டுக்குப் பக்கத்தில், கதவு அகலத்துக்குப் பெரிதாக்கி, மேலே தகரக் கூரை போட்டு மாட்டியிருந்த புகைப்படத்தில்தான். தடித்த கண்ணாடி, வாய் நிறையச் சிரிப்பு, ஒரு கையில் ஊசி, மறு கையில் நூல். கீழே சிவப்பு எழுத்தில், ‘அஞ்சனா தந்த ஒளி. இலவசக் கண் சிகிச்சை முகாம், கும்மிடிப்பூண்டி, 1978’ என்று எழுதியிருந்தது.

“நம்ம ஆளைத் தூக்குல ஏத்தப் போறது இந்த அம்மாதான் பாஸ்,” என்றான் ஆசீர்வாதம். “சிரிப்பைப் பாத்தா நம்பவே முடியல.”

“சிரிப்பை விடு. எங்க பாக்கறா?” என்றார் துப்பறியும் வீரராகவன்.

“நம்மளத்தான்.”

“ஊசி கோக்கறவ ஊசியைத்தானே பாக்கணும்?”

ஆசீர்வாதம் கையிலிருந்த தடித்த ரஷ்ய நாவலை விரல் வைத்து மூடினான். அது மாஸ்கோவில் அச்சாகித் தமிழில் வந்த புத்தகம். இரண்டு ரூபாய்க்கு எழுநூறு பக்கம் கிடைக்கிறது என்பதற்காகவே வாங்குவான். எந்த வழக்குக்குப் போனாலும் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வான்.

“போட்டோக்காரன் ‘இங்க பாரும்மா’ன்னு சொல்லியிருப்பான்,” என்றான்.

“இருக்கலாம். அப்படியே இருந்தாலும் அந்தப் படம் எதையும் நிரூபிக்கல. ஆனா போலீஸ் அதைத்தான் நம்புது.”

அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்த ரத்னா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வழக்கைக் கொண்டுவந்தவள் அவள்தான். அவளுடைய புருஷன் செங்கல்வராயன் இதே கம்பெனியில் கான்ட்ராக்ட் கூலி. உலைக்கழிவைக் கூடையில் சுமந்து கொட்டுகிறவன். இப்போது பொன்னேரி சப்-ஜெயிலில் இருந்தான்.

கம்பெனி மருந்தகத்தின் கம்பவுண்டர் கோபால், தொழிற்சாலைக்குப் பின்னாலிருக்கும் கழிவுக் குட்டையில் பிணமாக மிதந்தான். பின்மண்டை உடைந்திருந்தது. ‘செங்கல்வராயன் தள்ளினதை என் கண்ணால பாத்தேன்’ என்று கங்கம்மாள் சொல்லியிருந்தாள். கம்பெனியில் சொல்லி நிரந்தர வேலை வாங்கித் தராத கோபத்தில் செங்கல்வராயன் முந்தின வாரம் டீக்கடையில் கோபாலின் சட்டையைப் பிடித்ததை ஊரே பார்த்திருந்தது. போலீசுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

“அந்தக் கங்கம்மாளுக்குக் கண்ணு தெரியாது சார்,” என்றாள் ரத்னா. “கேம்ப்புக்குப் போய்ட்டு வந்ததுலருந்து ஊட்டுப் பின்னால குட்டைக்கரையத் தாண்டி எங்கியும் போறதில்ல. ஸ்டேஷன்ல போய்ச் சொன்னா, ‘போடி, போர்டைப் போய்ப் பாரு’ன்னு தொரத்துறாங்க. ஊர்ல கேட்டா எல்லாரும் ஒரே பாட்டா, ‘நல்லாத் தெரியுது, நல்லாத் தெரியுது’ன்றாங்க.”

“ஜெயில்ல புருஷனைப் பாத்தியா?”

“பாத்தேன். கால்ல வச்ச கண்ணை எடுக்கல சார் அது. கழிவு சுட்டுச் சுட்டுக் காலு பூரா கொப்புளம். ஒரு செருப்பு வாங்கிக்கோன்னு கல்யாணம் ஆனதுலருந்து சொல்றேன். ‘சோத்துக்கு அப்புறம்தான் செருப்பு’ன்னே காலத்தை ஓட்டிட்டுது.”

வீரராகவன் கும்மிடிப்பூண்டி கடைத்தெருப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

“ஆசீர்வாதம், நீ போய் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிட்டு வா. நல்லாச் சத்தம் போடற மாதிரி.”

“பாஸ், எனக்கே இன்னும் பொண்ணு பாக்கல.”

“உனக்கில்ல. கோபால் பொண்டாட்டிக்கு.”

ஆசீர்வாதம் புத்தகத்தைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டான். கோபாலுக்குக் காரியம் முடிந்து அன்றைக்கு மூன்றாம் நாள்.

*

முத்தம்மா வெள்ளைப் புடவையில், வெறும் நெற்றியோடு, மருந்தகத்துக்குப் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸ் அறையில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். காகிதத்தில் சுற்றிய பச்சை வளையல்களைப் பார்த்ததும் அவள் கை மூட்டையிலேயே நின்றுவிட்டது.

“இதை நீ போட்டுக்கணும்,” என்றார் வீரராகவன்.

“பத்தாம் நாளு ஒடைச்சாங்க சார்.” அவள் கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டில் கண்ணாடி கீறிய காயங்கள் காய்ந்து பொருக்காகியிருந்தன. “புண்ணு கூட ஆறல.”

“தெரியுது.”

“எதுக்கு?”

“செங்கல்வராயன் கொலை பண்ணலைன்னு நிரூபிக்க.”

“அவன் தூக்குல தொங்கட்டும்னுதான் நான் சாமிய வேண்டிக்கினு கீறேன்.”

“அவன் தொங்கினா, நிஜமாப் பண்ணவன் வெளியில சோறு தின்னுட்டிருப்பான். உனக்குச் சம்மதமா?”

அதற்கு மேல் அவர் கெஞ்சவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. முத்தம்மா வளையல்களை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஆறாத புண்ணின் மேல் அவை ஒவ்வொன்றாக ஏறும்போது பல்லைக் கடித்தாள். ஆசீர்வாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இன்னிக்கு வெள்ளிக்கிழமை,” என்றார் வீரராகவன். “நான் சொல்றதை மட்டும் செய். வாயைத் திறக்காதே.”

*

நரிமேடு கம்பெனிக்குப் பின்புறம் இருந்தது. ஊருக்குள் நுழைந்த இடத்தில் ஒரு குடிநீர்க் குழாய். அதில் அஞ்சனா அலாய்ஸ் என்று பெயர். அதைத் தாண்டி ஒரு பஸ் நிழற்குடை, அதிலும் அஞ்சனா. பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகள் வெளியே வெயிலில் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் அதே பெயர் நீல எழுத்தில் இருந்தது.

“இந்த ஊர்ல ஆட்டுக்குட்டி ஒண்ணுதான் பாக்கி பாஸ்,” என்றான் ஆசீர்வாதம். “அது ஓடிக்கினே இருக்கறதால பேர் எழுத முடியல போல.”

தெருவில் நடக்க நடக்க அவன் இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தான். சில குடிசை வாசல்களில் தடித்த கண்ணாடி போட்ட கிழங்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலடிச் சத்தம் கேட்டதும் எல்லா முகங்களும் சிரித்தன.

“ஒண்ணு கவனிச்சீங்களா? எந்த ஊட்டு வாசல்ல கண்ணாடி போட்ட கெழம் குந்திக்கினு கீதோ, அந்த ஊட்டுக் கொடியிலதான் காக்கிச் சட்டை காயுது. மத்த ஊட்ல வெறும் கோவணம்தான். கண்ணாடி வாங்கினா சட்டை இனாம் போல.”

வீரராகவன் சட்டென்று நின்றார். கொடிகளை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

“சில நேரம் நீ தெரியாமலே புத்திசாலியா இருக்கே,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்திருந்த ஏட்டைக் குடிசையின் பின்சுவரோரம் நிற்கச் சொன்னார். “உள்ளே நடக்கறதைத் தட்டி இடுக்குல பாருங்க. பிறகு நீங்கதான் சாட்சி.” முத்தம்மாவை வேலியோரம் நிறுத்திவிட்டு, ஆசீர்வாதத்தோடு உள்ளே நுழைந்தார்.

கங்கம்மாள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி மூக்கின் மேல் இருந்தது. நெற்றியில் பெரிய குங்குமம், கொண்டையில் பூ. அவளுடைய புருஷன் தடா பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்கிறவன், மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவான் என்று ரத்னா சொல்லியிருந்தாள். இறாலின் தலை ஒரு திருகில் கழன்று விழுந்தது, ஓடு ஒரு இழுப்பில் வந்தது. பழவேற்காட்டு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து வளர்ந்தவள். அந்த விரல்களுக்குக் கண் தேவைப்படவில்லை.

“வாங்க நைனா. கோர்ட்டுக்காரங்களா? எல்லாத்தையும்தான் ஸ்டேஷன்லயே சொல்லிட்டேனே.”

“சும்மா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு,” என்றார் வீரராகவன்.

“ஆயா, என் மீசை எப்படி கீது சொல்லு?” என்றான் ஆசீர்வாதம். அவனுக்கு மீசை கிடையாது.

“உன் மீசையப் பாத்து நான் இன்னா பண்ணப் போறேன்? உன்னக் கட்டிக்கப் போறவ பாத்துக்கட்டும்,” என்றாள் கங்கம்மாள். விரல்கள் நிற்கவேயில்லை.

ஆசீர்வாதம் வீரராகவனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். அவளிடம் இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் பதில் தயாராக இருந்தது.

அப்போது கங்கம்மாள் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, “குப்பா, தண்ணி கொண்டாந்துட்டியா?” என்றாள். வாசலில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் டொப், டொப் என்று சத்தம் வந்தது. தலைக்குடத்தோடு காக்கிச் சட்டை போட்ட ஒரு வாலிபன் நுழைந்தான். காலில் கம்பெனி பூட்ஸ் இருந்தது. அளவு பெரியது. உள்ளே துணியைத் திணித்துக்கொண்டு நடந்தான்.

“இன்னாப்பா, உன் பூட்ஸு முன்னாடி வந்துடுது, நீ பின்னாடி வர்றே?” என்றான் ஆசீர்வாதம்.

“கம்பெனில ஒரே சைஸுதான் குடுக்குறாங்க,” என்றான் குப்பன். அவன் சிரிக்கவில்லை. “யார் நீங்க? அம்மாகிட்ட யாரும் பேசக் கூடாதுன்னு வெல்ஃபேர் ஆபீசர் சொல்லிக்கிறாரு. இருங்க, வாட்ச்மேன்கிட்ட சொல்லி போன் போடச் சொல்றேன்.”

குடத்தை இறக்கி வைத்துவிட்டு டொப் டொப்பென்று போனான்.

வீரராகவன் தொண்டையைக் கனைத்தார். வேலியோரம் வளையல்கள் குலுங்கின. சலசலவென்று சத்தம் வாசலைத் தாண்டி உள்ளே வந்து, கங்கம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தது.

“எங்ககூட வந்தவங்கம்மா,” என்றார் வீரராகவன். “இவங்களுக்கு அவசரமாப் போகணும். நாங்க இருந்து பேசிட்டு வர்றோம்.”

முத்தம்மா எழுந்தாள். வளையல்கள் மறுபடியும் குலுங்கின.

“அய்யய்யோ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெறுங்கையாப் போறதா?” கங்கம்மாள் பரபரவென்று கையைத் துடைத்துக்கொண்டாள். மாடத்தைத் துழாவிக் குங்குமச் சிமிழை எடுத்தாள். சத்தம் வந்த திசைக்கு நீட்டி, முகம் மலர்ந்து சொன்னாள்.

“எட்டுக்கோ தாயி. தீர்க்க சுமங்கலியா இரு.”



மூன்று நாளைக்கு முன்னால் தாலி அறுத்தவள் அந்தச் சிமிழைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேம்ப் நடந்தபோது இதே கங்கம்மாளுக்குக் கஞ்சி ஊற்றியவள் அவள். பிறகு அவளுடைய வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது.

கங்கம்மாள் சிமிழை நீட்டியபடியே தலையைச் சாய்த்துக் கேட்டாள். “யாரு? யாரு அது?”

“கோபால் சம்சாரம்,” என்றார் வீரராகவன் நிதானமாக.

சிமிழ் விழுந்தது. உரித்த இறால்களின் மேலெல்லாம் குங்குமம் கொட்டியது.

*

“அடப்பாவி,” என்றாள் கங்கம்மாள். “இதுக்கா அந்தப் பொண்ணுக்கு வளையல் போட்டு இட்டாந்த? நீ ஒரு மனுசனா?”

“இல்லைன்னு வச்சுக்க. எப்போ போச்சு கண்ணு?”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். ஒரு கண் பழைய அம்மையில் சுருங்கியிருந்தது. மற்றது வெந்த முட்டையின் வெள்ளை போல இருந்தது.

“கட்டுப் பிரிச்ச அன்னிக்கே. எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும். சீழு புடிச்சி ஊத்துது. ஆபரேசன் பண்ண டாக்டரு அதுக்கு முன்னாடியே ரயிலேறிட்டாரு. அப்பதான் வெல்ஃபேர் ஆபீசரு வந்தாரு. ‘போனது போயிடுச்சி. ஊட்டுக்கு ஒரு புள்ளைக்குப் பெர்மனன்ட் வேலை. கண்ணு தெரியுதுன்னு சொல்லணும். ஒருத்தர் வாயத் தொறந்தாலும் எல்லாருக்கும் வேலை போயிடும்’னாரு.”

“ஒரு கண்ணுக்கு ஒரு வேலை,” என்று முணுமுணுத்தான் ஆசீர்வாதம். வெளியே கொடியில் காக்கிச் சட்டைகள் காற்றில் கையை ஆட்டிக்கொண்டிருந்தன.

“கோபால் வாயைத் திறக்கப் போனான்,” என்றார் வீரராகவன்.

“பொன்னேரி பெரியாஸ்பத்திரில சொல்லப் போறேன்னு சொல்லிக்கினு இருந்தாரு. அடுத்த கேம்ப் வருதாமே, அதுக்குள்ளாற சொல்லணும்னு.”

“அதனால கம்பெனி ஆள் யாரோ அவனை அடிச்சாங்க. உன்னைப் பொய் சொல்லச் சொன்னாங்க. யாரு?”

“எனக்குத் தெரியாது சாமி. குட்டைக்கரையில குந்திக்கினு இருந்தேன். கண்ணுதான் இல்லியே. பேச்சு கேட்டுது. அப்பால தண்ணில விழுந்த சத்தம். அப்பால பூட்ஸு சத்தம் ஓடிச்சி. அவ்ளோதான்.”

“பூட்ஸ் சத்தமா?”

“ஆமா.”

“செருப்பே போடாத செங்கல்வராயனுக்கு ஏதும்மா பூட்ஸ்?”

கங்கம்மாளின் கைகள் தரையில் எதையோ தேடின.

“கம்பெனி உன்னைப் பொய் சொல்லச் சொல்லல,” என்றார் வீரராகவன் மெதுவாக. அவருக்கே அது அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது. “நீயாப் போய்ச் சொல்லியிருக்கே. ஏன்னா அந்த பூட்ஸ் யாரோடதுன்னு உனக்குத் தெரியும்.”

தெருக்கோடியில் டொப் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு டொப்.

கங்கம்மாள் துள்ளி எழுந்தாள். இறால் கூடை கவிழ்ந்தது. வாசல் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் சுவரில் மோதிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து அலறினாள்.

“குப்பா! வராத! ஓடிப் போயிடுடா!”

பூட்ஸ் சத்தம் நின்றது. ஓடவில்லை. மறுபடியும் டொப், டொப்பென்று நெருங்கி வந்தது. பெரிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு வேகமாக ஓடத் தெரியாதவனாக இருக்கலாம். அம்மா சுவரில் மோதிய சத்தத்தைக் கேட்டு வந்தவனாகவும் இருக்கலாம். குப்பன் வாசலில் வந்து நின்றபோது, பின்சுவரிலிருந்து சுற்றி வந்த ஏட்டு அவன் தோளில் கை வைத்தார்.

அவன் மறுக்கவில்லை.

“சூளையில எங்க நைனா முதுகு எப்படி கீதுன்னு வந்து பாரு சார்,” என்றான். “அந்தச் சூளைக்கு மறுபடியும் போவ முடியாது. கம்பவுண்டர் சொன்னா எல்லாருக்கும் வேலை போயிடும். உடுய்யா, உட்டுடுய்யான்னு கால்ல உழுந்தேன். கேக்கல. கல்லு கைல கீது. அப்பால எனக்கு ஒண்ணும் தெரியல.”

“செங்கல்வராயன் பேரைச் சொல்லச் சொன்னது நீதானா?”

“நானு,” என்றாள் கங்கம்மாள் சுவரோரத்திலிருந்து. “நானேதான் சொன்னேன். சண்டை போட்டவன் பேரு அதான் நாக்குல வந்துச்சி. அவன் பொண்டாட்டி புள்ளைய நெனைக்கல. என் புள்ளையத்தான் நெனைச்சேன்.”

முத்தம்மா அதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. இப்போது கேட்டாள்.

“என் ஊட்டுக்காரரு கடைசியா இன்னா சொன்னாரு?”

கங்கம்மாளின் எதிரே போய் நின்றாள்.

“நீ அங்கதான குந்திக்கினு இருந்த? கேட்டிருப்பியே. சொல்லு.”

கங்கம்மாள் குருட்டுக் கண்ணை அவள் பக்கம் திருப்பினாள். “‘உங்கம்மா கண்ணுக்குத்தான்டா சொல்லப் போறேன்’னாரு. அதான் கடைசி.”

முத்தம்மா குனிந்து கங்கம்மாளின் கையைப் பிடித்தாள். பச்சை வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள். புண்ணிலிருந்து ரத்தம் கசிந்து வளையல்களில் ஒட்டியிருந்தது. கண் தெரியாதவள் விரலால் தடவி அதைத் தெரிந்துகொண்டாள்.

*

வெல்ஃபேர் ஆபீசர் மணவாளனின் ஜீப் வந்தபோது குப்பன் கையில் விலங்கு இருந்தது. மணவாளன் வெள்ளைச் சட்டை போட்ட, மிருதுவாகப் பேசுகிற மனிதர். நடந்ததைக் கேட்டதும் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

“பாருங்க மிஸ்டர் வீரராகவன். கம்பெனி யாரையும் கொல்லச் சொல்லல.”

“தெரியும். நீங்க ஒரு வேலை மட்டும் குடுத்தீங்க.”

“தப்பு நடந்தது, நஷ்டஈடு குடுத்தோம். வேற எந்தக் கம்பெனி இந்தளவு செய்யும்? தண்ணி, ஸ்கூலு, பஸ் ஷெல்டர், எல்லாம் குடுத்திருக்கோம். இவங்களை எங்க குடும்பம் மாதிரிதான் பாத்துக்கறோம்.”

“பாஸ், கெளம்பலாம்,” என்றான் ஆசீர்வாதம் தாழ்ந்த குரலில். “இவரு நம்மளையும் தத்தெடுத்துடப் போறாரு.”

பொன்னேரிக்குப் போய்ச் செங்கல்வராயனை வெளியே கொண்டுவர வேண்டும். விஷயம் கேட்டு வந்திருந்த ரத்னா ஏற்கெனவே ரோட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். வீரராகவன் திரும்பியபோது, தெருவில் ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. யாரும் கங்கம்மாளைப் பார்க்கவில்லை, ஏட்டு இழுத்துக்கொண்டு போகிற குப்பனையும் பார்க்கவில்லை. எல்லாரும் ஜீப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கோலைத் தட்டித் தட்டி ஒரு கிழவர் வந்தார். முகத்தில் அதே தடித்த கண்ணாடி இருந்தது. ஒரு பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை விழி. மறுபக்கம் மட்டும் மங்கலாக ஒரு கருமணி அசைந்தது. ஜீப்பின் பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கை கூப்பினார்.

“ஆபீசர் அய்யா, நான் பொன்னுரங்கம். பெரியவன் உங்ககிட்டதான் வேலைல கீறான்.”

“சொல்லு பெரியவரே.”

“இந்தக் குப்பன் பையன் வேலை இப்போ காலிதானங்க?”

மணவாளன் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“என் சின்ன மவன் சும்மாதான் குந்திக்கினு கீறான்.” கிழவர் குரலைத் தாழ்த்தி, மங்கலாக அசைந்த கண்ணைத் தொட்டுக் காட்டினார். “எனக்கு இன்னொரு கண்ணு கீது அய்யா. அடுத்த கேம்ப்புல சேத்துக்கோங்க.”

கூட்டத்துக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று கோல்கள் தட்டும் சத்தம் கேட்டது.

மணவாளன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“உன் சின்னப் பையன் பேரு என்ன?”